அகலேசியா சிகிச்சை: இறங்குவதை அளக்கும் கோல், ஏறுவதை அளப்பதில்லை

புனே நகரின் தீனாநாத் மங்கேஷ்கர் மருத்துவமனையில் அமோல் பாபயே தலைமையிலான குழு செய்த ஆய்வு ஒன்று 2021-ஆம் ஆண்டு ‘எண்டோஸ்கோப்பி’ இதழில் வெளிவந்தது. நோயாளிகள் 25 பேர் மட்டுமே. ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஆய்வு நடந்ததும் ஒரே மருத்துவமனையில். ஆய்வு முறையியல் வகுப்பில் அமர்ந்திருக்கும் முதலாண்டு மாணவர்கூட அதன் குறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும், அகலேசியா என்னும் உணவுக்குழாய் நோயின் சிகிச்சையில் நெடுநாளாக ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஒரு கேள்வியை அந்தச் சிறிய ஆய்வு நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. அடைத்துக் கிடந்த வாயிலைத் திறந்துவிட்ட பிறகு, அதே வாயில் வழியே இரைப்பை அமிலம் மேலேறி வந்தால் அதற்குப் பொறுப்பு யார் என்பதே அக்கேள்வி.

நோயின் இயல்பைச் சற்று விளக்கினால்தான் கேள்வியின் கனம் புரியும். உணவுக்குழாயின் அடிமுனையில், இரைப்பையோடு அது சேரும் இடத்தில், வளையத் தசை ஒன்று உண்டு. விழுங்கும்போது தளர்ந்து உணவுக்கு வழிவிடுவதும், மற்ற நேரங்களில் இறுகி நின்று அமிலத்தைத் தடுப்பதும் அதன் வேலை. தளரும்படி அதற்குக் கட்டளையிடும் நரம்புச் செல்கள் உணவுக்குழாயின் சுவருக்குள்ளேயே இருக்கின்றன. அவை அழிந்துபோனால் தசை தளர மறுக்கிறது. உணவை அலையலையாகக் கீழே தள்ளும் அசைவும் ஒழுங்கு கெடுகிறது அல்லது நின்றே போகிறது. அகலேசியா என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் தளராமை என்பதுதான். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இலட்சம் பேரில் ஒருவருக்குப் புதிதாகத் தோன்றும் அரிய நோய் இது. சோறு நெஞ்சிலேயே நிற்கிறது, தண்ணீர்கூட இறங்கவில்லை, படுத்தால் உண்டது அப்படியே வாய்க்கு வருகிறது என்று நோயாளிகள் சொல்வர். உடல் மெலியும். இரவில் இருமல் வரும். மெலிவையும் இருமலையும் ஒருசேரக் கண்டவுடன் காசநோயை நினைப்பதும், நெஞ்செரிச்சல் என்று கேட்டவுடன் அமிலமடக்கி மாத்திரை எழுதுவதும் நம் நாட்டில் இயல்பானவை. சரியான பெயர் கிடைப்பதற்குள் சிலருக்கு ஆண்டுகள் கடந்துவிடுகின்றன.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நோய் கண்டறியப்படும் முன் தேவையில்லாமல் அமிலமடக்கி விழுங்கியவர், நோய் நீங்கிய பிறகு அதே மாத்திரையைத் தேவையோடு விழுங்க நேர்கிறது.

அழிந்த நரம்புச் செல்களை மீட்டெடுக்கும் மருந்து இதுவரை இல்லை. எனவே சிகிச்சை எனப்படுவதெல்லாம் அந்த வளையத் தசையின் இறுக்கத்தை வலிந்து உடைப்பதே. 1674-ஆம் ஆண்டு ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ், திமிங்கில எலும்பின் முனையில் பஞ்சைக் கட்டி, அதைக்கொண்டு நோயாளி ஒருவர் உணவைத் தாமே கீழே தள்ளிக்கொள்ள வழி செய்தார். இன்று காற்றடைத்த பலூனை விரித்துத் தசையைக் கிழிப்பது அதன் வழித்தோன்றல் எனலாம். 1913-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் வேறு வழியைத் தேர்ந்தார். உட்படலத்தைத் தொடாமல், வெளிப்புறத் தசையை மட்டும் நீளவாக்கில் அறுத்துவிட்டார். அவர் முன்னும் பின்னுமாக இரண்டு வெட்டுகள் போட்டார். பின்வந்தோர் முன்புறம் ஒன்றே போதும் என்று குறைத்துக்கொண்டனர். நூறாண்டுகளுக்கு மேலாகியும் ஹெல்லர் அறுவை என்ற பெயர் நிலைத்திருக்கிறது. 1990-களில் அது லேப்ராஸ்கோப்பிக்கு மாறியது. வயிற்றில் சில சிறு துளைகள் போதும் என்றானது.

ஆனால் தசையை அறுப்பது என்பது காவற்காரனை நீக்குவது. உணவு தடையின்றி இறங்கும்; அமிலமும் தடையின்றி ஏறும். அறுவை மருத்துவர்கள் இதை விரைவிலேயே உணர்ந்தனர். இரைப்பையின் மேற்பகுதியை இழுத்து, அறுத்த இடத்தின்மேல் மடித்துத் தைக்கும் முறை ஹெல்லர் அறுவையோடு சேர்ந்தது. 1960-களின் தொடக்கத்தில் பிரான்சில் டோர் முன்புற மடிப்பையும், டூப்பே பின்புற மடிப்பையும் வகுத்தனர். நிசன் பெயரால் வழங்கும் முழுச்சுற்று மடிப்பு அதற்கு முன்பே இருந்தது. சாதாரண எதுக்களிப்பு நோய்க்கு அது நன்கு பயன்பட்டது. அகலேசியாவில் அது பொருந்தாது. தள்ளும் வலுவே இல்லாத குழாயின் அடியை முழுதாகச் சுற்றிக் கட்டினால், எந்த அடைப்பை நீக்க அறுவை செய்யப்பட்டதோ அது வேறு வடிவில் திரும்பிவிடும். இத்தாலியின் டூரின் நகரில் 144 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2008-இல் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. விழுங்கல் தடை மீண்டும் வந்தவர்கள் டோர் மடிப்பில் 2.8 விழுக்காடு, நிசன் மடிப்பில் 15 விழுக்காடு.

மடிப்பே தேவையா என்ற ஐயத்துக்கு அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு 2004-இல் விடை தந்தது. நோயாளிகள் 43 பேர். யாருக்கு மடிப்பு, யாருக்கு இல்லை என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஆறு மாதம் கழித்து 24 மணி நேர அமில அளவீடு செய்தபோது, மடிப்பில்லாத 21 பேரில் 10 பேருக்கும் மடிப்புள்ள 22 பேரில் 2 பேருக்கும் மட்டுமீறிய அமில எதுக்களிப்பு இருந்தது. விழுங்குவதில் இரு குழுக்களுக்கும் வேறுபாடில்லை. 43 பேரை மட்டும் கொண்ட ஆய்வு ஒன்று உலகளாவிய நடைமுறையை இவ்வளவு உறுதியாக நிலைநிறுத்தியது அரிது. இறங்குவதை மட்டுமன்றி ஏறுவதையும் அளக்க வேண்டும் என்று அக்குழு முன்கூட்டியே தீர்மானித்திருந்ததே அதற்குக் காரணம். அந்த அளவீடு இல்லாதிருந்தால் இரு குழுக்களும் சமம் என்றே அந்தக் கட்டுரை முடிந்திருக்கும்.

இப்படி ஒருவாறு தீர்ந்திருந்த கணக்கை 2008-இல் ஜப்பானிய மருத்துவர் ஹருஹிரோ இனோவே மீண்டும் திறந்தார். வாய்வழியே உள்நோக்கியைச் செலுத்தி, உணவுக்குழாயின் உட்படலத்தில் சிறு கீறல் போட்டு, படலத்துக்கும் தசைக்கும் இடையே சுரங்கம் அகழ்ந்து, உள்ளிருந்தே தசையை அறுத்து, கீறலைக் கிளிப்புகளால் மூடிவிடுவது அவர் முறை. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘போயம்’ என்று, அதாவது கவிதை என்று, ஒலிக்கிறது. வெளியே தழும்பில்லை, வலி குறைவு, தேவைப்பட்டால் தசையை மார்பின் உயரம் வரை அறுக்கலாம். குழாய் முழுதும் இழுத்துப் பிடிக்கும் மூன்றாம் வகை அகலேசியாவில் இதற்கு இணையான முறை இன்று இல்லை என்பது மிகையன்று. ஹைதராபாத், புனே, மும்பை என இந்திய நகரங்களும் இதை விரைந்து ஏற்றன.

அந்த விரைவில் டோரின் மடிப்பு மட்டும் வழியில் கைவிடப்பட்டது. வயிற்றறைக்குள் செல்லாத முறையில் இரைப்பையை மடித்துத் தைப்பது எங்ஙனம்? முடியாததை விட்டுவிட்டு முடிந்ததைச் செய்தார்கள். உதரவிதானத்தோடு உணவுக்குழாயைப் பிணைக்கும் இழைகளை இம்முறை குலைப்பதில்லை, ஆதலால் எதுக்களிப்பு குறைவாகவே இருக்கும் என்று தொடக்கக் காலத்தில் நம்பிக்கையோடு சொல்லப்பட்டது. கேட்பதற்கு ஏரணமான வாதமே. ஆயினும் அளவீடுகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

ஐரோப்பாவில் 221 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வு, போயம் முறையை லேப்ராஸ்கோப்பி ஹெல்லர் மற்றும் டோர் மடிப்போடு நேருக்கு நேர் நிறுத்தியது. ஈராண்டு வெற்றி முறையே 83, 81.7 விழுக்காடு, வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். ஆனால் மூன்றாம் மாதத்தில் உள்நோக்கியால் பார்த்தபோது, அமிலத்தால் உணவுக்குழாய் புண்ணானவர்கள் போயம் குழுவில் 57 விழுக்காடு. அறுவைக் குழுவில் 20 விழுக்காடு. ஈராண்டு முடிவில் அது 44, 29 என்று ஆனது. அதே ஆண்டில் போயத்தைப் பலூன் முறையோடு ஒப்பிட்ட மற்றோர் ஆய்வில், வெற்றியில் போயம் 92-க்கு 54 என்று வெகுவாக முந்தியது. புண்ணிலும் 41-க்கு 7 என்று முந்தியது.

இவ்விடத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டியது வெற்றி என்ற சொல்லின் வரையறையை. அகலேசியா ஆய்வுகளில் வெற்றி எனப்படுவது பெரும்பாலும் எக்கார்ட் மதிப்பெண். விழுங்கல் தடை, உண்டது மேலெழுதல், நெஞ்சுவலி, எடை இழப்பு என்ற நான்குக்கும் தலா மூன்று, மொத்தம் பன்னிரண்டு. மூன்றோ அதற்குக் கீழோ வந்தால் வெற்றி. நோயின் கடுமையை எளிதில் மதிப்பிட உருவாக்கப்பட்ட அருமையான கருவி அது. படுக்கையருகே இரண்டு நிமிடத்தில் கேட்டு முடித்துவிடலாம். ஆனால் அந்த நான்கில் நெஞ்செரிச்சல் இல்லை, புண் இல்லை, அமில அளவு இல்லை. மேலெழுதல் என்று அதில் வருவதும் தேங்கிய உணவைக் குறித்ததே. ஆக, உணவுக்குழாயின் அடிப்பகுதி அமிலத்தில் வெந்துகொண்டிருக்கும் ஒருவர், எக்கார்ட் கணக்கில் பூச்சியம் பெற்று முழு வெற்றியாகப் பதிவாகலாம். நோயை அளப்பதற்கென்று பிறந்த கருவி சிகிச்சையை அளக்கப் பயன்படும்போது சிகிச்சையின் சொந்தக் கேடு கண்ணுக்குப் படாமல் போகிறது. ஐரோப்பிய ஆய்வுகள் புண்ணைத் தனியே எண்ணின, உண்மைதான். ஆனால் அதை இரண்டாம் நிலை முடிவாக வைத்தன. கட்டுரையின் தலைவரியாக நினைவில் நின்றது முதல் நிலை முடிவான ‘சமம்’ மட்டுமே.

எரிச்சல் இருந்தால் நோயாளியே சொல்லிவிடுவாரே என்று கேட்கலாம். அகலேசியாவில் அந்த நம்பிக்கை செல்லாது. ஆண்டுக்கணக்கில் விரிந்து கிடந்த குழாயில் உணர்வு மங்கியிருக்கும். புண் இருப்பவரிடம் எரிச்சல் இல்லாமலும், எரிச்சல் இருப்பவரிடம் புண் இல்லாமலும் காணப்படுவது மீண்டும் மீண்டும் பதிவாகியிருக்கிறது. அதைவிட முக்கியமானது மற்றொன்று. நம் அனைவருக்கும் அவ்வப்போது அமிலம் மேலே வரத்தான் செய்கிறது. உமிழ்நீரை விழுங்கியதும் குழாயின் அலையசைவு அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அகலேசியா நோயாளிக்கு அந்த அலை இல்லை. நிமிர்ந்திருக்கும்போது புவியீர்ப்பு உதவும். உறங்கும்போது அதுவும் இல்லை. ஒரே அளவு அமிலம் அவருக்குச் செய்யும் கேடு கூடுதல்.

அளவீட்டிலும் சிக்கல் உண்டு. சரியாக வடியாத குழாயில் தங்கிய உணவு நொதித்து அமிலமாவதை, இரைப்பையிலிருந்து ஏறிய அமிலமாகக் கருவி தவறாக எண்ணிவிடும். எண்ணை மட்டும் படிக்காமல் வரைபடத்தைக் கண்ணால் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். போயத்துக்குப் பிந்தைய எதுக்களிப்பு சற்று மிகைப்படுத்தப்படுகிறது என்று வாதிடுவோர் பக்கம் இவ்வகையில் நியாயம் உண்டு. அந்த நியாயம் புண்ணின் எண்ணிக்கைக்குப் பொருந்துமா என்பது ஐயமே.

மாத்திரை இருக்கிறதே என்பது அடுத்த வாதம். பெரும்பாலான புண்கள் இலேசானவை, அமிலமடக்கிக்கு அடங்குபவை. இதுவும் உண்மையே. ஆனால் இந்நோய் எவ்வயதிலும் வரும். இருபத்தைந்து வயதுடையவருக்கும் வரும். அவருக்கு முன்னே ஐம்பது ஆண்டுகள் இருக்கின்றன. ஓர் ஐரோப்பிய நகரில் குடும்ப மருத்துவரின் பதிவேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் நோயாளிக்கும், நாந்தேடிலிருந்தோ யவத்மாளிலிருந்தோ இரவுப் பேருந்தேறிப் புனே வந்து, நான்காம் நாள் ஊர் திரும்பி, சோறு இறங்குகிறது என்ற மகிழ்ச்சியில் மறுபடி மருத்துவமனைப் பக்கம் வராதவருக்கும் ‘வாழ்நாள் மாத்திரை’ என்ற தொடர் ஒரே பொருளைத் தராது. எரிச்சல் இல்லாதபோது மாத்திரையை நிறுத்திவிடுவது மனித இயல்பு. எரிச்சலே எழாத நோயில் அதை யார் நினைவூட்டுவது? நாள்பட்ட அமிலப் புண் குழாயைச் சுருக்கிவிடக்கூடும். சிலருக்கு உட்படலத்தின் இயல்பையே மாற்றிவிடும். அகலேசியா உள்ளவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோயின் வாய்ப்பு ஏற்கெனவே பிறரைவிட அதிகம்.

இந்தப் பின்னணியில்தான் புனே முயற்சியை வைத்துப் பார்க்க வேண்டும். இனோவே குழுவே தன் முறையின் குறையை உணர்ந்து, போயத்தோடு மடிப்பையும் உள்நோக்கி வழியே சேர்க்கும் உத்தியை 21 பேரிடம் செய்து 2019-இல் வெளியிட்டது. தசையை அறுத்து முடித்தபின், அதே சுரங்கத்தின் அடிவழியே வயிற்றறைக்குள் நுழைந்து, இரைப்பையின் முன்சுவரைப் பற்றி மேலிழுத்து, கிளிப்புகளாலும் கண்ணி நூலாலும் இறுக்கிவிடுவது. டோர் வெளியிலிருந்து செய்ததை உள்ளிருந்து செய்வது என்று சுருக்கமாகச் சொல்லலாம். புனேயில் 25 பேரிடம் இதை முயன்று 23 பேரிடம் முடித்தனர். ஓராண்டு கழித்து உள்நோக்கியால் பார்த்தபோது அந்த 23 பேரில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேல் மடிப்பு குலையாமல் இருந்தது. எதுக்களிப்பு நோய் ஏறத்தாழ ஒன்பதில் ஒருவருக்கு.

வாண்டர்பில்ட் குழுவின் மடிப்பு எண்ணுக்கு அருகில் இது வந்து நிற்பது ஈர்ப்பானதுதான். ஈர்ப்பே எச்சரிக்கையும் ஆகும். வெவ்வேறு நாடு, வெவ்வேறு காலம், வெவ்வேறு வரையறை. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிச் சமம் என்பது ஆய்வாகாது. வயிற்றறைக்குள் உள்நோக்கியைச் செலுத்துவது பல்லாண்டுப் பயிற்சி பெற்ற கைகளுக்கே உரியது; பாபயே குழுவினர் அத்தகைய கைகள். ஆண்டுக்கு ஏழெட்டு அகலேசியா நோயாளிகளைக் காணும் மையம், காணொளியைப் பார்த்துவிட்டு இதில் இறங்கினால் நோயாளிதான் விலை கொடுப்பார். தையலில்லாமல் கண்ணியால் கட்டிய மடிப்பு ஐந்தாண்டு தாங்குமா என்பதும் முக்கியமான கேள்வி. ஐரோப்பிய ஆய்வில் கைதேர்ந்த அறுவை மருத்துவர்கள் தைத்த டோர் மடிப்பு இருந்தும் 20 விழுக்காடு ஈராண்டில் 29 ஆனதை மறந்துவிடக் கூடாது. மடிப்பு என்பது காலத்தோடு தளரும் பொருள்.

எனவே புனே ஆய்வின் பெருமை அந்த மடிப்பில் இருப்பதைவிட, சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகளைத் திரும்ப வரவழைத்து, உள்நோக்கியும் அமில அளவீடும் செய்து பார்த்ததில் இருக்கிறது. மூக்கு வழியே கம்பியைச் செலுத்தி ஒரு நாள் முழுதும் வைத்திருக்கும் சோதனைக்கு, நலமாக இருப்பதாக உணரும் ஒருவரைச் சம்மதிக்க வைப்பது எளிய செயலன்று. இந்தியாவில் அகலேசியா பற்றி எழுதப்படும் தொடர் பதிவுகள் பலவும் தொலைபேசியில் நான்கு கேள்வி கேட்டு எக்கார்ட் எண்ணைக் குறித்துக்கொள்வதோடு நின்றுவிடுகின்றன.

புதிய மடிப்பைச் சேர்ப்பதற்கு முன், பழைய காவலைக் குலைக்காமல் காப்பது எளிதில்லையா என்று சிந்திப்போரும் உண்டு. இரைப்பையின் வாயிலில் சாய்வாக ஓடும் தசை இழைகள் கவண்போல் வளைந்து ஒரு மடலை உருவாக்குகின்றன. வெட்டு அவற்றின் பக்கம் போகாமல், இரைப்பைக்குள் நீளாமல் பார்த்துக்கொண்டால் எதுக்களிப்பு குறையலாம் என்று ஜப்பானியர் காட்டி வருகின்றனர். ஹைதராபாத் குழுவினர் நீண்ட வெட்டுக்குப் பதில் குறுகிய வெட்டே முதலிரு வகைகளுக்குப் போதும் என்று குலுக்கல் ஆய்வில் காட்டினர். கூடுதல் கருவியோ கூடுதல் ஆபத்தோ இல்லாத வழிகள் இவை. இதழ்களின் அட்டையில் இடம்பெறும் கவர்ச்சி இவற்றுக்கு இல்லை என்பது வேறு.

நோயாளியிடம் முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது சொல்லப்படுவது என்ன என்பதும் இதே சிக்கலின் பகுதி. மூன்றாம் வகை என்றால் போயம் என்று தயங்காமல் சொல்லலாம். ஏற்கெனவே இரைப்பை மேலேறிய ஹெர்னியா உள்ளவரிடம், மடிப்போடு கூடிய லேப்ராஸ்கோப்பியை முதலில் வைப்பதே நேர்மை. முதலிரு வகையைச் சேர்ந்த இளைஞரிடம் இரண்டையும் வைத்து, ஒன்றில் துளைத் தழும்பும் மற்றொன்றில் கூடுதல் எதுக்களிப்பும் உண்டு என்று எண்களோடு கூற வேண்டும். நடைமுறையில் அவர் எந்தத் துறையின் கதவை முதலில் தட்டினாரோ அந்தத் துறையின் முறையே அவருக்கு வாய்க்கிறது. குடல்நோய்த் துறை போயம் என்கிறது. அறுவைத் துறை ஹெல்லர் என்கிறது. ஒப்புதல் படிவத்தில் துளை விழும் ஆபத்தும் குருதிப்போக்கும் தவறாமல் இருக்கும். ஓராண்டுக்குள் உள்நோக்கிக்குத் திரும்ப வரவேண்டும், வராவிட்டால் புண் தெரியாமலேயே வளரலாம் என்ற வரி இருப்பது அரிது. மராத்தியிலோ தமிழிலோ அவ்வரியை எழுதுவது கடினமன்று. எதுக்களிப்பு என்ற சொல் தமிழில் பாட்டிமார் வாயிலேயே இருக்கிறது.

முனைவர் பட்டத்துக்கும் மேற்படிப்பு ஆய்வேட்டுக்கும் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு இதில் செலவு குறைந்த வேலைகள் காத்திருக்கின்றன. எக்கார்டின் நான்கோடு புண்ணையும் அமில நேரத்தையும் மாத்திரைச் சார்பையும் சேர்த்து ஒரு கூட்டு முடிவை வகுத்து, ஏற்கெனவே உள்ள இந்தியப் பதிவேடுகளில் அதைப் பொருத்திப் பார்க்கலாம். வெற்றி விழுக்காடு எவ்வளவு சரிகிறது என்பது தெரிந்துவிடும். சிகிச்சைக்குப் பிறகு திரும்ப வராதவர்கள் யார், எவ்வளவு தொலைவில் இருப்பவர்கள், எந்தச் செலவு அவர்களைத் தடுத்தது என்பதை ஒரு சமூகவியல் மாணவர்கூட ஆராயலாம். போயம் மட்டும், போயத்தோடு மடிப்பு, லேப்ராஸ்கோப்பியோடு மடிப்பு ஆகிய மூன்றையும் குலுக்கல் முறையில் ஐந்தாண்டுக்கு ஒப்பிடும் ஆய்வு பெருஞ்செலவுடையது; புனே, ஹைதராபாத் போன்ற மையங்கள் சேர்ந்தால்தான் நடக்கும். அதற்கு முன்பாகவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2021 கட்டுரையின் அந்த 23 பேரையும் ஐந்தாம் ஆண்டில் மீண்டும் அழைத்து, எரிச்சல் இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், உள்நோக்கியைச் செலுத்தி மடிப்பு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.